மான்யம் தேடும் முன்னும் பெற்ற பின்னும்

சங்கங்களைப் பார்வையிட நாம் செல்லும் ஊர்களிலெல்லாம், பதிவேடுகளைப் பார்த்து முடித்துக் கையெழுத்திட்டு எழுந்திருக்கும் தறுவாயில், ஒரு கேள்வி தவறாமல் எழுவதுண்டு. காரியதரிசி கேட்பார், அவர் தயங்கினால் நிர்வாகக் குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்பார். “அரசாங்கம் ஏதேதோ மான்யம் கொடுக்கிறதாமே, நம் சங்கத்துக்கு ஒன்றும் வராதா, ஐயா?” என்பதே அக்கேள்வி. நின்றுகொண்டே சொல்லக்கூடிய விடை இதற்கு இல்லை. ஆயினும் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓரிரு சொற்களில் ஏதேனும் கூறிவிட்டு வந்த நாட்கள் நமக்கும் உண்டு. அவ்வாறு கூறியதன் விளைவை ஓரிடத்தில் கண்ணாரக் கண்டபின், விரிவாக எழுதுதல் கடமையென்று தோன்றியது. நெசவாளருக்கும் உழவருக்கும் சிறு தொழில் செய்வோருக்கும் பயன்படும் வகையில், மான்யம் என்பது யாது, அது எவ்வழிகளில் வருகிறது, அதை நாடுமுன் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும், பெற்ற பின் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இங்கே வரிசையாகக் கூறுவோம்.

மான்யம் என்பது யாது?

திருப்பிச் செலுத்த வேண்டாத பணம் மான்யம் என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மை. மான்யப் பணம் திரும்பக் கேட்கப்படுவதில்லை. ஆனால் அதற்குரிய வேலை கேட்கப்படும். குறித்த காரியத்துக்குக் குறித்த காலத்தில் செலவிடாத மான்யம் கடனைக் காட்டிலும் கடுமையான பொறுப்பாக மாறிவிடும்.

நம் கைத்தறி இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1952ஆம் ஆண்டில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, ஆலைத் துணியின்மீது கெஜத்துக்கு 3 தம்பிடி, அதாவது காலணா, கூடுதல் தீர்வை விதிக்கும் சட்டம் நிறைவேறிற்று. அத்தீர்வையிலிருந்து சேர்ந்த நிதிதான் கைத்தறிக்கும் கதருக்கும் உதவித் தொகையாக வந்தது. ஆலைத் துணி வாங்கிய ஒவ்வொருவரும் கெஜத்துக்குக் காலணா கொடுத்தார்கள். அக்காலணாக்கள் சேர்ந்து தறிகளுக்கு உதவின. மான்யம் வானத்திலிருந்து விழுவதன்று, எவரோ ஒருவர் செலுத்திய வரியே அது என்பதை நம் முன்னோர் இதனால் நன்கு அறிந்திருந்தனர். கணக்குக் கேட்கும் உரிமை அரசாங்கத்துக்கு ஏன் இருக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

உதவிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. அவற்றை நான்காகப் பிரித்து அறிந்துகொள்வது நலம். முதலாவது, பொருளின் விலையில் ஒரு பங்கை அரசாங்கமே ஏற்கும் முதலீட்டு மான்யம். இரண்டாவது, பாங்குக் கடனுக்குரிய வட்டியில் ஒரு பகுதியை ஏற்கும் வட்டி மான்யம். மூன்றாவது, நாம் எவ்வளவு பங்குத் தொகை சேர்க்கிறோமோ அவ்வளவு தாமும் தரும் இணை மான்யம். நான்காவது, பயிற்சிக்கும் கண்காட்சிக்கும் நிர்வாகச் செலவுக்கும் தரப்படும் உதவி. “மான்யம் உண்டு” என்று எவரேனும் சொன்னால், இந்நான்கில் எது என்று கேட்பதே முதல் வேலை. இதைக் கேளாமல் இறங்கியவர்கள், விலையில் பாதி கிடைக்கும் என்று நம்பி, வட்டியில் மூன்று சதவீதம் மட்டுமே பெற்றதுண்டு.

வரும் வழிகள்

புதிதாகத் தொழில் தொடங்கும் தனி நபருக்குரிய பெரிய வழி, 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாகும். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் பொறுப்பில் உள்ள இத்திட்டத்துக்கு நம் மாவட்டங்களில் மாவட்டத் தொழில் மையத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம். 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, உற்பத்தித் தொழிலாயின் ரூ. 50 லட்சம் வரையிலும், சேவைத் தொழிலாயின் ரூ. 20 லட்சம் வரையிலும் திட்டச் செலவு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம். மகளிர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலிய பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம் என மான்யம் வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினர் தம் கையிலிருந்து 10 சதவீதமும் மற்றையோர் 5 சதவீதமும் போட வேண்டும். ஏற்கெனவே நடந்துவரும் தொழிலுக்கும், வேறு அரசாங்க மான்யம் பெற்ற தொழிலுக்கும் புதுத்தொழில் மான்யம் இல்லை.

உழவர்களுக்கும், விளைபொருளைப் பக்குவம் செய்து விற்பவர்களுக்கும், 2020ஆம் ஆண்டில் குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்தியத் திட்டம் ஒன்று வந்தது. மாவுமில், செக்கு, மிளகாய்ப் பொடி, அப்பளம், ஊறுகாய் போன்ற தொழில்கள் இதில் அடங்கின. திட்டச் செலவில் 35 சதவீதம், தனித்தொழிலுக்கு ரூ. 10 லட்சத்துக்கு மேற்படாமல் மான்யம் என்பது விதி. சுய உதவிக் குழு அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ரூ. 40,000 வரை விதைப்பணம் தரவும் இத்திட்டம் வகை செய்தது. இவ்விதைப்பணம் குழுக்களின் கூட்டமைப்புக்கு மான்யமாக வந்து, அங்கத்தினருக்குக் கடனாகவே வழங்கப்படும். இதைத் தமக்கே உரிய இனாம் என்று எண்ணியவர்கள் பின்னர் மனக்கசப்பு அடைந்ததை நாம் அறிவோம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பத்தாயிரத்தை அமைக்கும் திட்டமும் 2020ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இணை மான்யத்துக்கு இதுவே தெளிவான எடுத்துக்காட்டு. ஓர் உழவருக்கு ரூ. 2,000 வரை, ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் ரூ. 15 லட்சம் வரை, உழவர் போட்ட பங்குக்கு ஈடான தொகையை அரசாங்கம் தந்தது. சமவெளியில் 300 உழவர் சேர்ந்து ஆளுக்கு ரூ. 2,000 பங்கு கட்டினால் சேருவது ரூ. 6 லட்சம்; மான்யமும் ரூ. 6 லட்சம். எவரும் பங்கு கட்டாத இடத்தில் மான்யமும் இல்லை.

கைத்தறியாளருக்குரிய வழிகள் தனி. 2016ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கப்பெற்ற ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா என்னும் உதவித் திட்டத்தின்படி, புதிய தறிக்கும் ஜக்கார்டு முதலிய உபகரணங்களுக்கும் ஆகும் விலையில் 90 சதவீதம் வரை மத்திய அரசாங்கமும், எஞ்சிய 10 சதவீதம் நெசவாளரும் ஏற்க வேண்டும். நெசவாளர் முத்ரா கடனில் 6 சதவீத வட்டியும், கடன் தொகையில் 20 சதவீதம், தனி நெசவாளருக்கு ரூ. 25,000 வரை, முன்பண உதவியும் வகுக்கப்பட்டன. இவற்றைப் பெற நெசவாளர் அடையாள அட்டை இன்றியமையாதது. காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் சென்னையிலும் உள்ள நெசவாளர் சேவை மையங்களில் இவை குறித்துக் கேட்கலாம். கைத்தறித் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

இலாபத்தை நோக்காது, ஊர்ப் பெண்களுக்குத் தையல் கற்பித்தல், மறைந்துவரும் கைவினையை மீட்டல் போன்ற காரியங்களைத் தொழில் முறையில் செய்யும் சமூக நிறுவனங்களுக்குப் பெருங்கம்பெனிகளின் நிதியும் ஒரு வழி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட சொத்தோ விற்பனையோ இலாபமோ உடைய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. வாழ்வாதாரத்தை உயர்த்துதலும், பாரம்பரியக் கலை, கைவினை வளர்ச்சியும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆயின் இந்நிதியைக் கையாளும் அறக்கட்டளை முதலியன வருமான வரிச் சட்டப்படியும் கம்பெனித் துறையிலும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அங்கத்தினருக்கு இலாபம் பங்கிடும் உற்பத்திச் சங்கம் இதனைத் தன் வாணிபத்துக்கென்று கேட்பது பொருந்தாது. வெளிநாட்டு உதவியோ, அதற்கெனத் தனிச் சட்டமும் தனிப் பதிவும் உடையது. பதிவில்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றமாகும். வெளிநாட்டிலிருக்கும் நல்லெண்ணம் உடையவர் ஒருவர் அனுப்புகிறார் என்பதற்காக அதனைச் சங்கக் கணக்கில் வரவு வைத்தல் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய மத்தியத் திட்டங்களில் பல, 2025-26 நிதியாண்டு வரைக்குமென வகுக்கப்பட்டவை. திட்டங்கள் நீட்டிக்கப்படுவதும், பெயர் மாறுவதும், முடிவதும் இயல்பு. ஆதலின் இக்கட்டுரையிலுள்ள தொகைகளை வழக்கத்தை அறிவதற்கென்று கொண்டு, விண்ணப்பிக்கும் நாளன்று எது நடப்பில் உள்ளது என்பதைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டு, விதிமுறையின் படி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

மான்யம் எவ்வாறு கைக்கு வருகிறது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். கிராமத்துப் பெண்மணி ஒருவர் ரூ. 10 லட்சத்தில் எண்ணெய்ச் செக்கு வைக்க, முதலில் கூறிய திட்டத்தின்படி விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அவர் கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், ரூ. 50,000. பாங்கு கொடுப்பது ரூ. 9,50,000. மான்யம் 35 சதவீதம், ரூ. 3,50,000. இம்மான்யம் அவர் கையில் தரப்படுவதில்லை. பாங்கில் அவர் பெயரால் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருக்கும். அவ்வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வட்டி வாங்குவதில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்து, தொழில் உண்மையில் நடைபெறுகிறதா என்று நேரில் பார்த்த பின்னரே அது கடனில் கழிக்கப்படும்.

ஆகவே, அவர் தம் உழைப்பால் அடைக்க வேண்டியது ரூ. 6 லட்சம். ஐந்தாண்டுத் தவணையாயின் மாதம் ரூ. 10,000 அசல். நூற்றுக்கு 11 வட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் மாத வட்டி ரூ. 5,500. மின்சாரம், நிலக்கடலை, கூலி, வாடகை ஆகிய எல்லாச் செலவும் போக, மாதம் ரூ. 15,500 மிஞ்சினால்தான் தவணை தவறாது. அதற்கு மேல் மிஞ்சுவதே குடும்பத்துக்கு. “மூன்றரை லட்சம் இனாம்” என்ற சொல்லைக் கேட்டு இறங்குபவர், “மாதம் பதினையாயிரத்து ஐந்நூறு” என்ற சொல்லையும் அதே சமயத்தில் கேட்க வேண்டும். முன்னதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். பின்னதைச் சொல்ல எவரும் வருவதில்லை.

ஒரு சாயக்கூடத்தின் கதை

நாம் கண்ணாரக் கண்டதாக மேலே குறித்ததை இப்பொழுது சொல்வோம். சங்கத்தின் பெயரும் ஊரும் வேண்டா. அது பழைய நெசவாளர் சங்கம். அங்கத்தினர் நூற்றுக்குச் சற்றுக் குறைவு. நூலுக்குச் சாயம் ஏற்ற வெளியூர் அனுப்பிக் காலமும் கூலியும் வீணாவது அவர்களுக்கு நெடுநாளைய குறை. பொதுச் சாயக்கூடம் அமைக்க உதவி உண்டு என்று கேள்விப்பட்டார்கள். திட்ட அறிக்கை தயாரித்துத் தர ஒருவர் வந்தார். தம் ஊதியத்தில் பாதியை முன்னதாகக் கேட்டார்; கொடுத்தார்கள். அவர் மோசக்காரர் அல்லர் என்பதையும் கூற வேண்டும். அறிக்கை அழகாக இருந்தது, மான்யமும் மஞ்சூராயிற்று, முதல் தவணையும் வந்தது.

மஞ்சூர் உத்தரவு ஆங்கிலத்தில் ஆறு பக்கம் இருந்தது. அதன் நான்காம் பக்கத்தில், கட்டடம் தொடங்குமுன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதனை ஒருவரும் படிக்கவில்லை. முதல் தவணைப் பணத்தோடு சங்கத்தின் ஒதுக்கு நிதியிலிருந்தும் எடுத்துச் சுவர் எழுப்பினார்கள். கழிவு நீருக்கு வழி காட்டாமல் இசைவு கிடைக்காது. இசைவு இல்லாமல் செலவுச் சான்றிதழ் ஏற்கப்படாது. சான்றிதழ் போகாமல் இரண்டாம் தவணை வராது. சுவர் ஜன்னல் உயரத்தோடு நின்றது. பின்னர் நாம் அங்கே சென்றபோது, அந்தச் சுவர்களுக்குள் ஆடுகள் கட்டப்பட்டிருந்தன.

இதில் நமக்கும் பங்கு உண்டு. மான்யம் மஞ்சூரான புதிதில் நாம் அச்சங்கத்தைப் பார்வையிட்டோம். காரியதரிசி உத்தரவை எடுத்து நீட்டினார். நாம் தொகையைப் பார்த்தோம், தேதியைப் பார்த்தோம், “நல்லது, விரைவில் வேலையைத் தொடங்குங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் புறப்பட்டோம். ஆறு பக்கத்தைப் படிக்கக் கால் மணி நேரம் போதும். அடுத்த ஆண்டுப் பார்வைக் குறிப்பிலும் “கட்டட வேலை நடைபெற்று வருகிறது” என்றே எழுதினோம். நடைபெறவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தும் அவ்வாறு எழுதியது, எவருக்கும் சங்கடம் வேண்டாம் என்ற எண்ணத்தால். அவ்வெண்ணத்தின் விலையை, அவ்வாண்டு பங்கு ஈவு பெறாத நெசவாளர் குடும்பங்கள் கொடுத்தன. அவர்களில் வயது முதிர்ந்த ஒருவர் நம்மிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “நீங்கள் படித்தவர்கள், ஐயா, நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்” என்று மட்டும் சொன்னார். அன்று முதல், மஞ்சூர் உத்தரவு எதுவாயினும், காரியதரிசியை அருகில் உட்காரவைத்து, நிபந்தனை ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்த பிறகே எழுந்திருப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

மேற்கண்ட அனுபவத்திலிருந்து, விண்ணப்பம் எழுதுமுன் மகாசபையில் கேட்டு விடை காண வேண்டிய கேள்விகளைத் தொகுத்துக் கூறுவோம்.

ஒன்று: மான்யமே இல்லையென்றாலும் இவ்வேலையைச் செய்வோமா? ஆம் என்றால் மேலே செல்லலாம். மான்யம் வருகிறது என்பதற்காகவே ஒரு வேலையைக் கண்டுபிடிப்பது, குடை இனாமாகக் கிடைக்கிறதென்று மழையைத் தேடிப் போவதற்கு ஒப்பாகும்.

இரண்டு: நம் பங்குத் தொகை எங்கே? ஐந்தோ பத்தோ சதவீதம் என்பது காகிதத்தில் சிறிது. அதனைக் கந்து வட்டிக்கு வாங்கிப் போட்டால் மான்யத்தின் பயன் அவ்வட்டியிலேயே போய்விடும்.

மூன்று: மான்யம் வரும்வரை செலவை யார் தாங்குவது? அரசாங்கப் பணம் நியாயமானதாயினும் விரைவானது அன்று. ஆறு மாதம் தாமதித்தால் சங்கம் நூல் வாங்க முடியுமா, அங்கத்தினருக்குக் கூலி கொடுக்க முடியுமா என்று பார்த்தல் வேண்டும்.

நான்கு: விற்பனை எங்கே? இயந்திரத்துக்கு மான்யம் உண்டு; வாங்குவோருக்கு மான்யம் இல்லை. இரண்டு மூன்று வியாபாரிகளிடமாவது, கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை ஸ்தாபனத்திடமாவது முன்னரே பேசி வைத்தல் நலம்.

ஐந்து: வேறு என்ன அனுமதிகள் வேண்டும்? உணவுத் தொழிலாயின் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. சாயமாயின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. கட்டடமாயின் ஊராட்சியின் அனுமதி. தொழிலைப் பதிவு செய்யும் உத்யம் பதிவு 2020ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழி இலவசமாகவே நடைபெறுகிறது. அதற்குக் கட்டணம் கேட்பவரை நம்ப வேண்டா.

ஆறு: கணக்கு எழுதுபவர் யார்? அவர் பெயரைச் சொல்லிவிட்டே மகாசபை கலைய வேண்டும். “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்பது எவரும் பார்க்கமாட்டார்கள் என்பதற்கு மறுபெயர்.

விண்ணப்பம் எழுதும் முறை

திட்ட அறிக்கை என்பது பெரும்பாலோர் அஞ்சுவது போன்ற கடினமான ஆவணம் அன்று. நாம் யார், என்ன செய்கிறோம், என்ன குறை, அக்குறையைப் போக்க என்ன வேண்டும், அதன் விலை என்ன, அதனால் வரவு எவ்வளவு கூடும், கடனை எவ்வாறு அடைப்போம் என்னும் ஏழு செய்திகளுக்கு நேர்மையான விடையே திட்ட அறிக்கை. மாவட்டத் தொழில் மையத்தில் மாதிரி அறிக்கைகளைக் கேட்டுப் பார்க்கலாம். இயந்திரத்துக்குக் குறைந்தது மூன்று இடங்களிலிருந்து விலைப் பட்டியல் பெறுதல் வேண்டும். சங்கமாயின் நிர்வாகக் குழுவின் தீர்மானம், பதிவுச் சான்று, கடந்த ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை ஆகியவற்றை இணைக்க வேண்டும். தணிக்கை நிலுவையில் உள்ள சங்கம் மான்யம் கேட்பது, கணக்கு முடிக்காத கடைக்காரர் மேலும் கடன் கேட்பது போன்றது.

அறிக்கையை வெளியாள் ஒருவர் எழுதித் தருவதில் தவறில்லை. ஆனால் மூன்று விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். மான்யத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரிடம் கொடுக்கலாகாது. அறிக்கையிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அவரைக் கேளாமலேயே காரியதரிசி விளக்கிச் சொல்ல வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது சங்கத்தின் கைபேசி எண்ணையே கொடுக்க வேண்டும்; அவருடைய எண்ணைக் கொடுத்தால் பாங்கும் அலுவலகமும் அனுப்பும் செய்தியெல்லாம் அவருக்கே போகும். கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எந்த அதிகாரியும் கேட்பதில்லை. கேட்பவர் அதிகாரி அல்லர்.

இதற்கு மாறாக நன்றாக நடந்ததும் ஒன்று உண்டு. மானாவாரி நிலக்கடலை பயிரிடும் ஊர் ஒன்றில், பெண்கள் சிலர் தம் சேமிப்பிலிருந்து கையால் சுற்றும் உடைப்பு இயந்திரம் ஒன்றை முதலில் வாங்கினார்கள். ஊராருக்குக் கூலிக்குக் கடலை உடைத்துக் கொடுத்தார்கள். ஒரு பள்ளி நோட்டில் நாள்தோறும் எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி என்று எழுதி வந்தார்கள். இரண்டு அறுவடை கடந்த பின், விசை இயந்திரத்துக்கும் செக்குக்கும் விண்ணப்பித்தபோது, பாங்கு மேலாளர் திட்ட அறிக்கையைக் காட்டிலும் அந்த நோட்டையே அதிக நேரம் பார்த்தார் என்று அவர்கள் சொன்னார்கள். கடன் மஞ்சூராயிற்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அவர்களுக்குப் பழமொழியாக இல்லை, நடைமுறையாகவே இருந்தது.

பெற்ற பின் செய்ய வேண்டியவை

மான்யப் பணத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்தல் முதல் கடமை. சங்கத்தின் பொதுப் பணத்தோடு அதனைக் கலத்தலும், “நூல் வாங்கிவிட்டுப் பிறகு போட்டுவிடுவோம்” என்று எடுத்தலும் கூடா. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசாங்கப் பொது நிதி விதிகளின்படி, மான்யம் பெற்ற ஸ்தாபனம், நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் செலவுச் சான்றிதழ் அளித்தல் வேண்டும். மான்யப் பணத்தின்மீது கிடைத்த வட்டியும் அரசாங்கத்துக்கே உரியது. மான்யத்தால் பெற்ற சொத்தை, மஞ்சூர் செய்தவரின் அனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. உத்தரவில் இவற்றுக்கு மேலும் கடுமையான காலக்கெடு இருக்கலாம். இருந்தால் அதுவே செல்லும்.

வாங்கிய பொருளின் பட்டி, தொடர் எண், நிழற்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டால், பார்வையிட எவர் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். வேலை தாமதமானால் அதனை மறைக்காமல் காரணத்தோடு எழுதிக் காலநீட்டிப்புக் கேட்பதே நல்லது. கேட்டவர்க்குக் கிடைத்ததையும், கேளாதவர் பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்ததையும் நாம் கண்டிருக்கிறோம்.

மறுக்கப்பட்டால்

விண்ணப்பம் மறுக்கப்படுதல் அவமானம் அன்று. பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும்: ஒரு சான்று குறைவு, தொழில் அவ்வகையில் அடங்காமை, ஒதுக்கீடு தீர்ந்துபோதல். காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். விடை வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யலாம். மத்திய அரசாங்கத்தின் அலுவலகமாயின் கட்டணம் ரூ. 10. பொதுவாக 30 நாட்களுக்குள் தகவல் தருதல் சட்டம் விதித்த கடமை. குறை தெரிந்தால் அதை நீக்கி மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

அன்பர்களே, 1904ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது, அவற்றின் முதல் மூலதனம் அங்கத்தினரின் சிறு பங்குகளும் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையுமே. அரசாங்கத்தின் உதவி அதன்மேல் கட்டிய மாடி. கீழ்த்தளம் உறுதியாக இருக்கும் சங்கத்துக்கு அம்மாடி அழகும் பயனும் தரும். இல்லாத சங்கத்துக்கு அது பாரமாகிவிடும்.

அந்தச் சாயக்கூடத்தின் நிலை என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: காலநீட்டிப்புக் கேட்டு, கழிவு நீர்த் தொட்டிக்குப் புதிய மதிப்பீட்டுடன் சங்கத்தார் மனுச் செய்திருக்கிறார்கள். மனுவோடு சேர்த்து அனுப்பும்படி, நடந்தவற்றை நடந்தவாறே கூறும் பார்வைக் குறிப்பு ஒன்றையும் நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் நம் பிழையையும் குறித்திருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. ஆடுகளை மட்டும் வேறிடத்தில் கட்டச் சொல்லிவிட்டார்கள்.